ஏழாயிரம் பவுண்டும் ஒரு பன்றிக்கொட்டிலும்: கில்வெல் பூங்கா மீண்ட கதை



நம் வளாகத்துப் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் சாரணர், சாரணியர் படையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பயிற்சி ஆசிரியரைப் பார்க்க நேர்ந்தால் அவர் கழுத்தைக் கவனியுங்கள். மெல்லிய தோல் வாரில் கோத்த இரண்டு சிறிய மர மணிகள் தொங்கக்கூடும். 'வுட் பேட்ஜ்' என்று அதற்குப் பெயர். உலகில் எந்த நாட்டில் சாரணர் ஆசிரியராக இருந்தாலும், மேல்நிலைப் பயிற்சியை முடித்தால் கிடைப்பது அந்த மணிகள்தான். அந்த வழக்கம் தொடங்கிய இடம் லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், எப்பிங் காட்டை ஒட்டி இருக்கும் கில்வெல் பூங்கா.

இன்று அது 109 ஏக்கர் பரப்புள்ள முகாம் மைதானம். 1919 வசந்தத்தில் அது புதர் மண்டிய பாழ் எஸ்டேட்டாக இருந்தது. அதை மீட்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள், இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், லண்டனின் ஏழைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். கைவிடப்பட்ட ஒரு பொது இடத்தைப் பார்த்து "இதை யார் சரிசெய்வது?" என்று நாம் கேட்கும்போதெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய கதை இது.

ஊற்று நிலமும் ஒரு மாளிகையும்

அந்த நிலத்தைப் பற்றிய பழைய பதிவு 1407ஆம் ஆண்டுக்குப் போகிறது. கில்வெல் என்ற பெயரின் பின்பாதி ஊற்றைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றில் குளமும் ஊருணியும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலத்தான் இதுவும். மேற்கே கீழே இறங்கினால் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே 1913இல் திறக்கப்பட்ட கிங் ஜார்ஜ் நீர்த்தேக்கம் லண்டனுக்குக் குடிநீர் தருகிறது.

1792இல் இந்த எஸ்டேட் வில்லியம் சின்னரி என்பவர் கைக்கு வந்தது. அவருடைய மனைவி மார்கரெட்டின் பிறந்த வீட்டுச் சொத்து அது. அவர் பிரிட்டிஷ் கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். வீட்டை அழகுபடுத்தி, தோட்டம் போட்டு, பெரிய மனிதர்களை விருந்துக்கு அழைத்தார். வியோட்டி என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞர் அந்தக் குடும்பத்தின் நெருங்கிய நண்பர்.

இங்கே நமக்கு ஓர் உறவு உண்டு. வில்லியமின் தம்பி ஜார்ஜ் சின்னரி ஓர் ஓவியர். 1802இல் மதராசுக்குக் கப்பலேறி வந்தார். இன்னொரு சகோதரர் ஜான் இங்கே வியாபாரத்தில் இருந்தார். ஐந்து ஆண்டுகள் மதராசில் படம் வரைந்து பிழைத்துவிட்டு ஜார்ஜ் வங்காளத்துக்குப் போனார். ஹைதராபாத் ரெசிடெண்ட் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசாவுக்கும் பிறந்த இரு குழந்தைகளின் ஓவியத்தை 1805இல் மதராசில் வைத்து வரைந்தவர் அவரே. தம்பி மதராஸ் வெயிலில் தூரிகை பிடித்த அந்த ஆண்டுகளில் அண்ணன் கில்வெல்லில் விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த விருந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது 1812இல் வெளியே வந்தது. கருவூலப் பணத்தில் 80,000 பவுண்டுக்கு மேல் அவர் கையாடியிருந்தார். பதவி போனது. அவர் ஸ்வீடனுக்கு ஓடினார். மார்கரெட் எஸ்டேட்டை அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு கில்வெல் பல கை மாறியது. உஸ்போர்ன் என்ற உரிமையாளர், பழைய லண்டன் பாலம் கழிக்கப்பட்டபோது அதன் கல் கைப்பிடிச் சுவர்த் துண்டுகளை வாங்கிவந்து வீட்டின் பின்புறப் புல்வெளியைச் சுற்றி நட்டார். அவை இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த அளவுள்ள வீட்டையும் நிலத்தையும் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பராமரிப்பது எளிதாக இருக்கவில்லை. 1900 வாக்கில் கட்டடங்கள் சிதைய ஆரம்பித்துவிட்டன. தோட்டத்தைப் புதர் மூடியது.

நம் பராமரிப்புக் கட்டணக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். கட்டுவதற்கான பணம் ஒருமுறை வேண்டும். வைத்துக் காப்பதற்கான பணமும் ஆளும் ஒவ்வொரு மாதமும் வேண்டும்.

போர் நின்ற ஒன்பதாம் நாள்

பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். மறு ஆண்டு 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' நூல் வெளிவந்தது. இயக்கம் தானாகவே பரவியது. 1914இல் போர் வந்தது. படைத் தலைவர்களாக இருந்த இளைஞர்கள் பலர் போர்முனைக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை.

அப்படித் திரும்பாதவர்களில் ஒருவர் ரோலண்ட் ஃபிலிப்ஸ். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். லண்டனின் ஈஸ்ட் எண்ட் பகுதியில் சாரணர் பணி செய்தவர். ஈஸ்ட் எண்ட் என்பது கப்பல்துறைத் தொழிலாளர்களும் புலம்பெயர்ந்து வந்தவர்களும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. 1916 ஜூலையில் சோம் போர்முனையில் அவர் இறந்தார். அங்கே ஸ்டெப்னியில் தான் வைத்திருந்த வீட்டை உயிலில் சாரணர் இயக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது ரோலண்ட் ஹவுஸ் என்ற பெயரில் சாரணர் விடுதி ஆயிற்று.

அந்த வீட்டின் உணவு மேசையில்தான் கில்வெல் கதை மறுபடி தொடங்குகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வியாபார வேலையாக லண்டன் வந்துபோய்க்கொண்டிருந்தவர் வில்லியம் டி பாய் மக்லாரன். தன் ஊரில் சாரணர் ஆணையராக இருந்தவர். ரப்பர் மரத்தைப் பற்றி 1913இல் ஒரு புத்தகமும் எழுதியவர். ஈஸ்ட் எண்ட் சிறுவர்கள் கூடாரம் போட ஒரு துண்டு பசும்புல் இல்லாமல் தெருவில் பயிற்சி செய்வதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. பேடன் பவலிடம் பேசினார். பேடன் பவல் ஈஸ்ட் எண்ட் ஆணையர் பி.பி. நெவிலிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1918 நவம்பர் 20ஆம் தேதி இரவு ரோலண்ட் ஹவுஸில் சாப்பிட்டுக்கொண்டே மக்லாரன் 7,000 பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டார்.

தேதியைக் கவனித்தீர்களா? போர் நிறுத்தம் கையெழுத்தானது நவம்பர் 11. ஊரே இழப்பை எண்ணிக்கொண்டிருந்த நேரம். ஒன்பதே நாளில் இரண்டு பேர் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பறவை பார்க்கப் போனவர் சொன்ன இடம்

பணம் கிடைத்துவிட்டது, நிலம் கிடைக்கவில்லை. ஹைனால்ட் காடு, எப்பிங் காடு ஆகிய இரண்டின் அருகில் தேடுவது என்று முடிவானது. ஈஸ்ட் எண்டிலிருந்து சிறுவர்கள் போய்வரக்கூடிய தூரம் அதுதான். ரோவர் சாரணர்கள் தேடிப் புறப்பட்டார்கள். சாரணர் வயதைத் தாண்டிய இளைஞர்களுக்காக அப்போதுதான் உருவாக்கப்பட்டிருந்த பிரிவு ரோவர். அவர்கள் இரண்டு காடுகளையும் சுற்றியும் தோதான இடம் அமையவில்லை.

கடைசியில் ஜான் கேஃபர் என்ற இளம் உதவிச் சாரணத் தலைவர், தான் பறவை பார்க்கப் போகும் ஓர் எஸ்டேட்டைச் சொன்னார். அதுதான் கில்வெல். நெவில் போய்ப் பார்த்தார். கட்டடங்கள் மோசமான நிலையில் இருந்தன. ஆனால் நிலம் அவருக்குப் பிடித்துவிட்டது. 53 ஏக்கர், விலை 7,000 பவுண்டு. மக்லாரன் தருவதாகச் சொன்ன தொகை அப்படியே பொருந்தியது. நம் ஊர்க் கணக்கில் ஓர் ஏக்கருக்குச் சுமார் 18 கிரவுண்டு என்று வைத்தால், 950 கிரவுண்டுக்கு மேல் வரும். 1919 தொடக்கத்தில் மக்லாரன் அதைச் சாரணர் சங்கத்துக்காக வாங்கினார்.

இந்தப் பகுதியில் ஒரு சின்ன விஷயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஆட்களை அனுப்பித் தேடியும் கிடைக்காத இடம், அங்கே சும்மா நடந்துபோன ஒருவருடைய நினைவில் இருந்திருக்கிறது. நம் பகுதியிலும் எந்த ஏரிக்கரையில் நீர்க்காகம் வருகிறது, எந்தக் காலி மனையில் பழைய கிணறு இருக்கிறது என்பது காலையில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். செயற்குழுக் கூட்டத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் நாற்காலி இருப்பதில்லை.

புனித வியாழன், 1919

1919 ஏப்ரல் 17, புனித வியாழன். மறுநாள் புனித வெள்ளி, அடுத்து ஈஸ்டர். வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஆண்டில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் சில விடுமுறை நாட்கள். அன்று நெவில் தன் ரோவர்களை அழைத்துக்கொண்டு கில்வெல்லுக்குப் போனார். புதரை வெட்டி, வழி எடுத்து, கட்டடத்தைப் பழுதுபார்க்கத் தொடங்குவது திட்டம்.

நிலம் நனைந்து சொதசொதவென்று இருந்ததால் கூடாரம் அடிக்க முடியவில்லை. இடிந்துகொண்டிருந்த ஒரு தோட்டக்காரர் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் 'பன்றிக்கொட்டில்'. கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கில்வெல்லில் சாரணர்கள் முதல் இரவு தங்கிய இடம் என்பதால் அந்தக் கொட்டகையை இன்றுவரை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வார இறுதிகளில் வேலை நடந்தது. பணம் கொடுத்த மக்லாரனும் அடிக்கடி வந்தார். வந்து பார்த்துவிட்டுப் போகிறவராக இருக்கவில்லை, கட்டடப் பழுது வேலையில் அவரும் சேர்ந்துகொண்டார். கொடையாளர் கையில் சுத்தியல் இருந்தால் வேலை செய்கிற இளைஞர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

திறப்பு விழா ஜூலை 19 என்று முதலில் நினைத்திருந்தார்கள். அன்று நாடு முழுவதும் சமாதான விழா, அதில் சாரணர்களும் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. எனவே ஜூலை 26, சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். வீட்டு வாசலில் சாரணர் நிறமான பச்சையும் மஞ்சளுமாக நாடா கட்டியிருந்தது. அதைத் திருமதி மக்லாரன் வெட்டினார். பேடன் பவல், மக்லாரனுக்கு இயக்கத்தின் உயரிய விருதான வெள்ளி ஓநாயை அணிவித்தார். ரோவர்கள் கொட்டகையில் படுத்த அந்த இரவிலிருந்து எண்ணினால் அது நூறாவது நாள்.

கொடுத்தவர் ஒன்று கேட்டார், தலைவர் இன்னொன்று நினைத்தார்

இந்தக் கதை இனிப்பாக மட்டும் ஓடவில்லை. மக்லாரன் பணம் தந்தது ஈஸ்ட் எண்ட் சிறுவர்கள் கூடாரம் போட. பேடன் பவலுக்கு வேறொரு கவலை இருந்தது. போரில் தலைவர்களை இழந்த இயக்கத்துக்குப் புதிய தலைவர்கள் வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர ஓர் இடம் வேண்டும். கில்வெல்லை அவர் அதற்காகவும் பார்த்தார்.

நம் சங்கங்களில் இந்தக் காட்சி புதிதல்ல. ஒருவர் விளையாட்டுத் திடலுக்கு என்று நன்கொடை தருவார். குழு அதை உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திருப்ப நினைக்கும். இரண்டும் நல்ல காரியம்தான், ஆனாலும் அடுத்த பொதுக்குழுவில் குரல் உயரும். கில்வெல்லில் இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள். சிறுவர்கள் கூடாரம் போடும் மைதானமாக அது இருந்தது. தலைவர்களின் பயிற்சிக் களமாகவும் ஆனது. 1919 செப்டம்பர் 8 முதல் 19 வரை முதல் பயிற்சி முகாம் நடந்தது. அதை நடத்தியவர் முதல் முகாம் தலைவரான ஃபிரான்சிஸ் கிட்னி.

முடித்தவர்களுக்கு என்ன கொடுப்பது? பேடன் பவலிடம் ஒரு மரமணி மாலை இருந்தது. 1888இல் தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களுக்கு எதிரான நடவடிக்கையின்போது அவர் கைக்கு வந்தது. ஜூலு மன்னர் டினிசூலுவுடையது என்று அவர் சொன்னார். அதிலிருந்து ஆளுக்கு இரண்டு மணிகளாகக் கொடுத்தார்கள். ஏகாதிபத்தியப் போர் ஒன்றில் வென்ற பக்கத்துக்குப் போன பொருள் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களின் கழுத்தில் நாம் காணும் மணிகள் அதன் மாதிரிகள்.

அந்தப் பயிற்சிக்கான கழுத்துத் துணியில் ஒரு சிறு கட்டம்போட்ட துணித் துண்டு தைத்திருக்கும். அது மக்லாரன் குலத்தின் டார்ட்டன். அவர் 1921இல் இறந்துவிட்டார். அவர் பெயர் தெரியாதவர்கள்கூட இன்று அவருடைய குலத் துணியை அணிகிறார்கள். கில்வெல்லின் சின்னம் ஒரு மரக்கட்டையில் பதிந்த கோடரி. முகாமில் கோடரியின் கூர்முனை யாரையும் வெட்டிவிடாமல் இருக்க அதைக் கட்டையில் கொத்தி வைப்பார்கள், அதிலிருந்து வந்தது. புதர் வெட்டி உண்டாக்கிய இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைத்திருக்காது.

அதே ஆண்டுகளில் மதராசில்

ரோவர்கள் கில்வெல்லில் புதர் வெட்டிய காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? இந்தியாவில் சாரணர் படைகள் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்காக இருந்தன. இந்தியச் சிறுவர்களைச் சேர்க்க ஆட்சியாளர்கள் தயங்கினார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து மதராசில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை அணிந்த சாரணர்கள் அவர்கள்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். அப்போது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது. கதவு திறந்தது, ஆனால் வெளியே நின்றவர்கள் தாங்களே ஒரு வீடு கட்டிக்கொண்ட பிறகுதான் திறந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவிலிருந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. 1951இல் சாரணியர் சங்கமும் அதில் சேர்ந்தது. நம் பிள்ளைகள் இருப்பது அந்த அமைப்பில்.

இந்தியத் தொடர்பு எதிர்த்திசையிலும் உண்டு. 1923 முதல் இருபது ஆண்டுகள் கில்வெல்லின் முகாம் தலைவராக இருந்த ஜே.எஸ். வில்சன், அதற்கு முன் கல்கத்தாவில் காவல்துறை அதிகாரி. சாரணர் பணியை அவர் கற்றுக்கொண்டது இந்தியாவில்தான்.

குண்டு விழுந்த பள்ளம் குளமானது

ஒருமுறை சீரமைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதா? கில்வெல்லின் அடுத்த முப்பது ஆண்டுகள் அப்படிச் சொல்லவில்லை.

1920களில் கட்டடங்களை மாற்றியமைக்கவும் புதிதாகக் கட்டவும் நிறைய வேலை நடந்தது. 1929இல் பேடன் பவலுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, தன் பெயருடன் சேர்த்துக்கொள்ள அவர் தேர்ந்தெடுத்த ஊர்ப் பெயர் கில்வெல். அவர் அங்கே குடியிருந்ததே இல்லை. முகாமிட்டிருக்கிறார், அவ்வளவுதான். 1930களில் உலகப் பொருளாதார நெருக்கடி. கையில் காசில்லை, பெரிய மேம்பாடு எதுவும் நடக்கவில்லை.

அடுத்து இரண்டாம் உலகப் போர். 1940 முதல் 1945 வரை அரசு அந்த இடத்தை ராணுவத் தேவைக்கு எடுத்துக்கொண்டது. ஜெர்மன் விமானம் போட்ட குண்டு ஒன்று வளாகத்துக்குள் விழுந்து பெரும் பள்ளம் உண்டானது. போர் முடிந்து இடம் திரும்பக் கிடைத்தபோது சாரணர்கள் அந்தப் பள்ளத்தை மூடவில்லை. இன்னும் அகலமாக வெட்டிக் குளமாக்கினார்கள். பெயரையும் மாற்றவில்லை, இன்றும் அது 'பாம் ஹோல்'தான். பிள்ளைகள் அதில் சிறுபடகு ஓட்டுகிறார்கள்.

1945க்குப் பிறகு அக்கம்பக்க நிலங்கள் சேர்ந்தன. 53 ஏக்கர் 109 ஏக்கரானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சாரணர் சங்கத்தின் தலைமையகமும் அங்கே வந்துவிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பரில் வுட் பேட்ஜ் பெற்றவர்கள் பல நாடுகளிலிருந்து கில்வெல்லில் கூடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சின்னரி பொதுப் பணத்தை எடுத்து அலங்கரித்த கில்வெல், அவர் கையில் இருபது ஆண்டுகள் இருந்தது. பின்னால் வந்த வசதியான குடும்பங்கள் ஒரு நூற்றாண்டு முயன்றும் அதைப் பாழாகாமல் காக்க முடியவில்லை. ரோவர்கள் கைவைத்த பிறகு நெருக்கடி, போர், குண்டு எல்லாவற்றையும் தாண்டி நூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. ரோவர்களுக்குப் பணம் அதிகமாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர்களும் பழுதுபார்க்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள். ஒரு தலைமுறை வெட்டிய வழியில் அடுத்த தலைமுறை நடந்தது, அது அடைந்துகொண்டால் தானே வெட்டியது.

நம் பக்கத்தில்

நம் முன்னோருக்கு இது புதிய பாடமல்ல. ஏரியின் மடையையும் வரத்துக்காலையும் ஊர்க்காரர்களே வீட்டுக்கு ஓர் ஆள் என்று சேர்ந்து தூர்வாரியதைக் குடிமராமத்து என்று சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டவர்களே மண்ணையும் சுமந்தார்கள். அடுக்குமாடிக்கு வந்த பிறகு நாம் மாதக் கட்டணம் கட்டுகிறோம், வேலைக்கு ஏஜென்சி ஆள் வருகிறார். அதில் தவறில்லை. மின்தூக்கியையும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஆர்வலர்களை நம்பி ஓட்ட முடியாது. ஆனால் மதிலுக்கு வெளியே, யார் பொறுப்பு என்று தெரியாமல் கிடக்கும் ஓ.எஸ்.ஆர். பூங்காவுக்கும் ஏரிக்கரை நடைபாதைக்கும் ஏஜென்சி வராது.

அப்படி ஓர் இடத்தைக் கையில் எடுக்க நம்மில் சிலர் விரும்பினால், கில்வெல்லிலிருந்து நான்கு விஷயங்களைக் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, உரிமை. ரோவர்கள் மண்வெட்டியை எடுத்தது நிலம் இயக்கத்தின் கைக்கு வந்த பிறகு. நம் விஷயத்தில் பூங்கா உள்ளாட்சியின் சொத்து, ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. எழுத்தில் அனுமதி வாங்காமல் நட்ட செடியை யாரும் பிடுங்கலாம், நாம் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாவது, பிள்ளைகளை வேலையில் சேர்ப்பது. புகைப்படத்துக்கு ஒரு மரக்கன்றைக் கையில் கொடுப்பது வேறு, எந்த இடத்தை முதலில் சரிசெய்யலாம் என்று அவர்களிடம் கேட்பது வேறு. கேஃபர் மாதிரி ஒருவர் நம் சி பிளாக்கில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, நன்கொடை தருகிறவரின் நோக்கத்தை எழுதி வைத்துக்கொள்வது. வேறு பயனும் தேவைப்பட்டால் முதல் நோக்கத்துக்கு இடம் விட்டுத்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, தேதி. திறப்பு விழாவுக்கு ஒரு தேதி குறித்திருந்ததால் கில்வெல் திறந்தது. திறந்த 44ஆம் நாளில் அங்கே முதல் பயிற்சி தொடங்கிவிட்டதால் மறுபடி புதர் மண்டவில்லை. சுத்தம் செய்த இடத்தில் மறு மாதமே பிள்ளைகள் ஏதாவது நடத்த வேண்டும், பறவைக் கணக்கெடுப்போ கதை நேரமோ எதுவானாலும் சரி. இல்லாவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு சீமைக்கருவேலம் தன் வேலையைக் காட்டிவிடும்.

கில்வெல்லுக்கு என்றாவது போக நேர்ந்தால் பெரிய வெள்ளை மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பழைய கொட்டகையையும் தேடிப் பாருங்கள். முதல் நாள் அந்த இளைஞர்களுக்கு அங்கே வசதி என்று எதுவும் இல்லை. ஈரத் தரை, ஒழுகும் பழைய கொட்டகை, விடிந்ததும் வெட்ட வேண்டிய புதர், இவ்வளவுதான். நம் ஏரிக்கரையிலும் தொடக்கம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வர விரும்புகிறவர்கள் வீட்டு எண்ணோடு சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஞாயிறு காலை ஆறரை மணி, பழைய செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.